செல்வ ஏற்றத்தாழ்வை உலக வரைபடத்தில் காட்டினால், நாட்டு எல்லைகள் ஏன் இவ்வளவு பளிச்சென்று தெரிகின்றன?

வரைபடம் தயாராகும் விதம் ஒரு காரணம். தரவை நாடுவாரியாகத் திரட்டி, சராசரிக்கு ஒரே நிறம் பூசினால் கோடு எல்லையில்தான் விழும். உள்ளே இருக்கும் கோடீஸ்வரரும் கூலித் தொழிலாளியும் ஒரே நிறத்தில் கரைந்துபோவார்கள். 2022 உலக ஏற்றத்தாழ்வு அறிக்கையின்படி, உலகச் செல்வத்தில் 76 சதவீதம் மேல்தட்டு 10 சதவீதத்தினரிடம் இருக்கிறது. கீழ்ப்பாதி மக்களிடம் வெறும் 2 சதவீதம். இந்த வகை வரைபடத்தில் இது தெரியவே தெரியாது.

ஆனால் பழியை வரைபடத்தின்மேல் மட்டும் போட முடியாது. எல்லை நிஜமாகவே வேலை செய்கிறது. உலக மக்களிடையே உள்ள வருமான வேறுபாட்டில் பாதிக்கு மேல், அவரவர் வாழும் நாட்டை வைத்தே விளக்கிவிடலாம் என்கிறது பொருளாதார அறிஞர் பிராங்கோ மிலனோவிச்சின் கணக்கு. உழைப்பு, திறமை, அதிர்ஷ்டம் எல்லாம் மிச்சத்துக்குள் அடக்கம்! மெலில்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்கக் கரையில் இருந்தாலும் அது ஸ்பெயின் நகரம். மொராக்கோவிலிருந்து அதைப் பிரிப்பது உயரமான வேலி. அந்த இரு நாடுகளின் தலா வருமானத்திலோ பல மடங்கு வித்தியாசம்.

என்னைக் கேட்டால், வேலியைவிட விசாதான் பெரிய தடுப்பு. ஸ்பெயின் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் 2024 ஜூனில் 90 யூரோ ஆனது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. அமெரிக்கரோ ஜப்பானியரோ குறுகிய காலப் பயணத்துக்கு அந்த விசாவே எடுக்க வேண்டியதில்லை. முதலீடும் சரக்கும் இதே எல்லைகளை மனிதர்களைவிட எளிதாகத் தாண்டிவிடுகின்றன.

வேறு கோணத்தில் பார்க்க, செல்வத்துக்கேற்ப நாடுகளின் பரப்பை ஊதியும் சுருக்கியும் வரையும் கார்ட்டோகிராம்களைத் தேடிப் பாருங்கள். ஆப்பிரிக்கா அதில் மெல்லிய கீற்றாக இருக்கும்.