மூக்கைப் பார்த்துப் பணிப்பெண்ணை ஒதுக்கலாமா?

கேள்வி: படுத்த படுக்கையாக இருக்கும் மாமனாரைக் கவனிக்க இல்லப் பணிப்பெண் தேடுகிறோம். ஏஜென்சி அனுப்பிய பயோடேட்டாக்களில் ஒருவரை எனக்குப் பிடித்திருக்கிறது. மாமியாரோ படத்தைப் பார்த்ததும், "கூட்டுப் புருவம், தூக்கின மூக்கு. கை நீளம் இவளுக்கு" என்று ஒரே பிடியாக நிற்கிறார். சாமுத்திரிகா லட்சணத்தை நம்பலாமா?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: நம்ப வேண்டாம். புருவத்துக்கும் திருட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இந்த நம்பிக்கை நம்மிடம் மட்டும் இருந்ததில்லை. சீனர்களுக்கும் முகம் பார்த்துப் பலன் சொல்லும் பழைய மரபு உண்டு. ஐரோப்பாவில் சூரிக் நகரப் பாதிரியார் லாவட்டர் 1775இல் முகலட்சண நூலை வெளியிடத் தொடங்க, படித்தவர்களே அதில் மயங்கினார்கள். 'பீகிள்' கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய் அவர்களில் ஒருவர். 1831இல் தம்முடன் வர விரும்பிய 22 வயது இளைஞரின் மூக்கைப் பார்த்துவிட்டு, நெடும்பயணத்துக்கு வேண்டிய ஊக்கமும் உறுதியும் இவரிடம் இருக்குமா என்று தயங்கினார். அந்த இளைஞர்தான் சார்ல்ஸ் டார்வின். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அதே கப்பலில் உலகைச் சுற்றி வந்தார்.

அப்புறம் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ, தாடையையும் காதையும் வைத்தே குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்று 1876இல் எழுதினார். இங்கிலாந்துச் சிறை மருத்துவர் கோரிங் சுமார் 3,000 கைதிகளை அளந்து, மற்றவர்களோடு ஒப்பிட்டார். குற்றவாளிக்கென்று தனி முகம் எதுவும் அகப்படவில்லை என்று 1913இல் அறிவித்தார்.

"கடுத்தது காட்டும் முகம்" என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே என்று மாமியார் கேட்கலாம். அது குறிப்பறிதல் அதிகாரத்தில் வருவது. நெஞ்சில் அந்த நேரம் மிகுந்து நிற்கும் உணர்ச்சி முகத்தில் தெரியும் என்கிறார். பிறவியில் அமைந்த மூக்கைச் சொல்லவில்லை.

படத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். பயோடேட்டா படம் பெரும்பாலும் முடியை இழுத்துக் கட்டி, வெள்ளைச் சுவர் முன் நிறுத்தி எடுப்பது. கைபேசியை முகத்தருகே வைத்து எடுத்தால் யாருக்கும் மூக்கு பெரிதாகத்தான் விழும். புது ஊர், புது வேலை என்ற பயத்தில் உதட்டை இறுக்கி நிற்பவரைத் 'திமிர் பிடித்தவள்' என்று நாம் படித்துவிடுகிறோம். பிழைக்க வரும் ஒரு பெண்ணின் வேலை இதனால் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, எதைப் பார்ப்பது? காணொளி நேர்காணல் கேளுங்கள். மாமியாரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். படுத்திருப்பவரை எத்தனை மணிக்கொரு முறை திருப்பிப் படுக்க வைப்பீர்கள், படுக்கைப்புண் முதலில் எங்கே வரும், சாப்பாடு ஊட்டும்போது புரையேறினால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அனுபவம் உள்ளவர் இடுப்பின் கீழ்ப்பகுதி, குதிகால் என்று கையாலேயே தொட்டுக் காட்டுவார். முன்பு சிங்கப்பூரில் வேலை செய்தவர் என்றால் பழைய முதலாளியிடம் பேச முடியுமா என்று ஏஜென்சியிடம் விசாரியுங்கள். நகை பற்றிய கவலைக்குப் பூட்டிய அலமாரி போதும். அது யார் வந்தாலும் செய்ய வேண்டியதுதான்.