அந்தக் கொப்பிகள் எங்கே?

அன்புள்ள அக்கா,

கோண்டாவிலில் எங்கள் பெண்கள் இலக்கிய வட்டம் தொடங்கி வருகிற தையோடு 35 ஆண்டுகள் நிறைகின்றன. போயா விடுமுறைகளில் கூடுவோம். ஒரு காலத்தில் விறாந்தை கொள்ளாத கூட்டம் வரும். இப்போது ஒன்பது பேர், பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியைகள். இளையவர்கள் முகநூலில் எழுதுவதோடு நின்றுவிடுகிறார்கள். மண்டபம் எடுத்து, பிரதம விருந்தினரை அழைத்து, மலர் வெளியிட வேண்டும் என்கிறது செயற்குழு. பெண்களுக்கென்று தனி வட்டம் இனியும் எதற்கு என்று என் மகளே கேட்கிறாள். விழாவோடு முடித்துக்கொள்ளலாமா என்றுகூட யோசிக்கிறேன். நீங்களும் முன்பு வந்திருக்கிறீர்கள். என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி, கோண்டாவில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வட்டத்துக்கு நான் இரண்டு தடவைதான் வந்தேன். இரண்டும் 1993இல், யுத்தத்தால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத நாட்களில். பின்னேரம் தொடங்கிய கூட்டம் இருட்டிய பிறகும் முடியவில்லை. ஜாம் போத்தல் விளக்கொன்றை நடுவில் வைத்தார்கள். மண்ணெண்ணெய் விற்ற விலையில் அந்த ஒரு விளக்கே பெரிய செலவு. அதனருகே நகர்ந்து உட்கார்ந்து ஓர் அம்மா தன் சிறுகதையை வாசித்தார். எழுதுதாள் கிடைக்காததால் பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார். கதையில் வரும் தாய், மகளின் படிப்புக்கான எண்ணெயை மருந்துப் போத்தல் மூடியால் அளந்து விளக்கில் ஊற்றுவாள். மகளின் பெயர் எனக்கு மறந்துவிட்டது. அந்த மூடி மறக்கவில்லை.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி யுத்தத்தால் இடம்பெயர்ந்து, உங்கள் ஊரும் அடங்கிய வலிகாமம் முழுவதும் செம்மணி வழியாக நாவற்குழியைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தது. அந்த அம்மா தூக்கிக்கொண்டு போன பையில் கதைகள் இருக்கவில்லை. திரும்பி வந்தபோது வீட்டில் அலுமாரியே இருக்கவில்லை. பிறகு அவர் எழுதவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அதனால் விழாவைப் பற்றிப் பேசுமுன் ஒன்று கேட்கிறேன். கூட்ட அறிக்கைகள் எழுதிய சி.ஆர். கொப்பிகள் எங்கே? அந்த இரவில் உங்கள் செயலாளர் விளக்கின் ஓரத்தில் குனிந்து, வாசித்தவர் பெயர், தலைப்பு, யார் என்ன குறை சொன்னார் என்பதெல்லாம் எழுதிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். 35 ஆண்டு அறிக்கைகளில் பாதி மிஞ்சியிருந்தாலும், அச்சேறாத எத்தனையோ பெண்களின் எழுத்துக்கு வேறெங்கும் சாட்சி கிடையாது.

நம் ஊரில் பெண்கள் எழுதாமல் இருந்ததில்லை. மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' 1914இல் வந்த நாவல். மங்களம்மாள் மாசிலாமணி 1923இல் 'தமிழ் மகள்' இதழைத் தொடங்கினார். இன்று இந்த இரு பெயர்களையும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்ததை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். வீட்டு அலுமாரிகளில் எரிந்தவற்றுக்கும் கறையான் தின்றவற்றுக்கும் கணக்கே இல்லை. கவிஞர் சிவரமணி 1991இல் தன் உயிரை மாய்த்துக்கொள்ளுமுன் தன் கவிதைகளையும் எரித்தார். பிறர் கையிலும் இதழ்களிலும் தங்கியிருந்தவைதான் பின்னர் தொகுப்பாக வந்தன. அவர் எரித்ததை நாம் பேணுவது சரியா என்ற கேள்வி என்னை இன்னும் விடவில்லை. ஆனாலும் அவை கிடைத்ததற்காக நன்றியோடு இருக்கிறேன்.

ஒன்பது பேர் என்று வருந்துகிறீர்கள். பெண்கள் ஆய்வு வட்டம் 1986இல் வெளியிட்ட 'சொல்லாத சேதிகள்' பத்துப் பெண்களின் கவிதைகள்தான். ஈழத்துக் கவிதையைப் பற்றிப் பேசுகிற எவரும் இன்றும் அதைத் தாண்டிப் போக முடியாது.

மகளுக்கு இதைச் சொல்லுங்கள். நான் போன பொது இலக்கியக் கூட்டங்களில் பெரும்பாலும் பெண்ணுக்குக் கிடைத்தவை வரவேற்புரையும் நன்றியுரையும். நூலை ஆராயும் இடத்தில் அவளுக்குக் கதிரை இருக்காது. உங்கள் விறாந்தையிலோ அன்று ஒருவர், "இந்த முடிவு பொய், அந்தத் தாய் அழமாட்டாள்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். எழுதியவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். அப்படி ஓர் இடம் வேறு எங்கே இருக்கிறது என்று அவளையே கேளுங்கள்.

மலர் போடுங்கள், ஆனால் வாழ்த்துச் செய்திகள் வேண்டாம். ஒரு பக்கம்கூட வேண்டாம். படத்தோடு வரும் அந்த ஆசியுரைகளை யாரும் வாசிப்பதில்லை. அச்சுச் செலவோ உங்களுடையது. அந்தப் பக்கங்களில் அறிக்கைகளை அச்சிடுங்கள். பொன்னாடைக் காசையும் அதற்கே கொடுங்கள். அதற்கு முன் கொப்பிகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வையுங்கள். 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தோடும் பேசிப்பாருங்கள். முகநூலில் எழுதும் பிள்ளைகளை விழாவுக்குக் கூப்பிடாதீர்கள், இந்த வேலைக்குக் கூப்பிடுங்கள். பாட்டிமாரின் கையெழுத்தைத் தட்டச்சுச் செய்ய உட்கார்ந்தால் கூட்டத்துக்கும் வருவார்கள் என்று நம்புகிறேன். மங்கல விளக்கை உங்கள் மூத்த உறுப்பினர் ஏற்றட்டும்.

1993ஆம் ஆண்டுக் கொப்பி கையில் அகப்பட்டால் எனக்காக ஒன்று பாருங்கள். ஆவணியோ புரட்டாதியோ, சரியாக நினைவில்லை. அந்த அம்மாவின் கதைக்குத் தலைப்பு என்னவென்று எழுதி அனுப்புங்கள்.