பெட்டி தொலைந்தால் எந்தச் சீட்டு கைகொடுக்கும்?

கேள்வி: விமானத்தில் போடும் பெட்டியில் பெயர் எழுதிய அட்டை கட்டியிருக்கிறேன். அது போதாதா?

பதில்: போதாது. கைப்பிடியில் தொங்குவதுதான் பெல்ட்டில் மாட்டி முதலில் அறுந்துபோகும். அதே விவரத்தை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளும் வையுங்கள். வெளியே சீட்டு எதுவும் இல்லாத பெட்டியைத் திறந்துதான் உரிமையாளரைத் தேடுவார்கள். அதனால் திறந்ததும் கண்ணில் படும்படி துணிகளுக்கு மேலேயே இருக்கட்டும். பெயர், மின்னஞ்சல், நாட்டுக் குறியீட்டோடு கைபேசி எண் போதும். போகும் ஊரில் வேலை செய்யாத எண்ணை எழுதிப் பயனில்லை. வெளி அட்டையில் வீட்டு முகவரி வேண்டாம். வீடு பூட்டியிருப்பதை ஊருக்கே சொன்னதாகிவிடும்.

பெட்டியை உண்மையில் வழிநடத்துவது கவுன்டரில் ஒட்டும் பார்கோடு சீட்டு. அதிலுள்ள 10 இலக்க எண்ணில் 2, 3, 4ஆம் இலக்கங்கள் விமான நிறுவனத்தைக் குறிக்கும். கடைசி 6 இலக்கங்கள் உங்கள் பெட்டிக்கானவை. பெட்டி பெல்ட்டில் நகரும் முன்பே, சீட்டிலுள்ள மூன்றெழுத்து ஊர்க்குறியீடு நீங்கள் இறங்கும் ஊருடையதுதானா என்று பாருங்கள். பழைய பயணச் சீட்டுகளையும், பக்கவாட்டில் ஒட்டிய சிறு பார்கோடு துண்டுகளையும் உரித்துவிடுங்கள். ஸ்கேனர் பழையதைப் படித்தால் பெட்டி தனியே ஒதுக்கப்படும், அல்லது வேறு ஊருக்குப் போகும்.

கேள்வி: ஏர்டேக் (ஆப்பிள் நிறுவனத்தின் இடம் காட்டும் சிறு கருவி) போட்டால் பெட்டி இருக்கும் இடம் எப்போதும் தெரியுமா?

பதில்: எப்போதும் தெரியாது. அதில் ஜிபிஎஸ் கிடையாது. அது அனுப்பும் புளூடூத் சிக்னலை அருகிலுள்ள ஐபோன் போன்ற ஆப்பிள் கருவிகள் பிடித்தால்தான் இடம் பதிவாகும். விமானம் பறக்கும்போதும், ஆள் நடமாட்டமில்லாத கிடங்கிலும் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும், பதறாதீர்கள். அலுமினியப் பெட்டி சிக்னலை மட்டுப்படுத்தும் என்பதால் ஓரத்து உறையில் வையுங்கள். அதற்கான சிஆர் 2032 பேட்டரி வாங்கும்போது, குழந்தைகள் விழுங்காமலிருக்கப் பூசும் கசப்புப் பூச்சு உள்ளதைத் தவிருங்கள். சிலவற்றில் மின் இணைப்பு சரியாகக் கிடைக்காது. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் கூகுள் வலையமைப்பில் இயங்கும் டேக் வாங்க வேண்டும்.

கேள்வி: பெட்டி வரவே இல்லை. முதலில் என்ன செய்வது?

பதில்: விமான நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். பெல்ட் அருகிலுள்ள லக்கேஜ் கவுன்டரில் பி.ஐ.ஆர். படிவம் (பெட்டி வராததைப் பதிவு செய்யும் புகார்ப் படிவம்) எழுதிக் கொடுத்து, எழுத்தும் எண்ணும் கலந்த 10 குறி கோப்பு எண்ணை வாங்குங்கள். போர்டிங் பாஸோடு தந்த சீட்டுத் துண்டு அங்கே அவசியம் வேண்டும். வாங்கியவுடனே படம் எடுத்து வைப்பது நல்லது. "கறுப்புப் பெட்டி" என்று மட்டும் எழுதினால் தேடுவது கடினம். தயாரிப்புப் பெயர், சக்கரம் எத்தனை, எங்கே கீறல், உள்ளே இருக்கும் தனித்துத் தெரியும் ஒரு பொருள் எல்லாவற்றையும் எழுதுங்கள். டேக் காட்டும் இடத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் காட்டுங்கள்.

சர்வதேச விமானப் பயண இழப்பீடு பற்றிய 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் பயணங்களில், சேதமான பெட்டிக்குக் கையில் கிடைத்த 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். வரவேண்டிய நாளிலிருந்து 21 நாள் கடந்தும் வராத பெட்டிக்கு, தொலைந்ததாகவே இழப்பீடு கோரலாம். இடையில் வாங்கிய மாற்றுத்துணி, பல் துலக்கி போன்றவற்றின் ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ரசீது இல்லாமல் அந்தத் தொகையைக் கேட்டு வாங்குவது கடினம்.