இறந்தோர் மீண்டும் எழுவர் என்ற கிறிஸ்தவர்களின் உயிர்ப்பு நம்பிக்கையை மனித உணர்வுநிலையின் வளர்ச்சியாகப் புரிந்துகொள்ளலாமா?

புரிந்துகொள்ளலாம். ஆனால் 'உயிர்ப்பு வெறும் உருவகம்தான், மனம் முதிர்ந்தவனுக்கு அது தேவையில்லை' என்ற முடிவுக்கு அந்தப் புரிதல் உங்களைக் கொண்டுசேர்க்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள். இந்தக் கேள்வியை யாரும் பொழுது போகாமல் கேட்பதில்லை. அண்மையில் உங்கள் வீட்டில் ஓர் அடக்கம் நடந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே எழுதுகிறேன். நான் இறையியல் கற்றவன் அல்லன். எங்கள் பங்குக் கோயிலில் பத்தாண்டுகள் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி நடத்தியவன், அவ்வளவுதான்.

தூத்துக்குடியில் ஓர் உப்பளத்தில் கணக்கராக இருந்த என் தந்தை இறந்த ஆண்டில், நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குள் கல் பதித்துவிட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். கல் வெட்டுபவர் எழுத்துக்கு 20 ரூபாய் கேட்டார். "புள்ளி வச்சதும் எழுத்துதான் அண்ணாச்சி" என்றும் சேர்த்துக்கொண்டார். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்', 'இறைவனில் இளைப்பாறுகிறார்', 'விண்ணக வாழ்வில் நுழைந்தார்' என்று மூன்று வாசகங்களை அவர் காட்ட, நான் முதலாவதைச் சொன்னேன். அம்மா ஒப்பவில்லை. "ஏல, உங்க அப்பா பகல்ல கண்ண மூடி நான் பாத்ததில்ல. தூங்குதாருன்னு கல்லுல எழுதப் போறியா?" என்றார்.

அந்த மூன்று வாசகங்களும் ஒரே காலத்து நம்பிக்கையைச் சொல்லவில்லை என்பது எனக்கு அன்றிரவுதான் உறைத்தது. பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியில் இறந்தவர் பாதாளத்துக்குப் போகிறார், அத்தோடு சரி. இறந்தோர் எதையும் அறியார் என்று சபை உரையாளர் நூல் வெளிப்படையாகவே சொல்கிறது. எசேக்கியேல் 37இல் உலர்ந்த எலும்புகள் எழும் காட்சியும் தனி மனிதரைப் பற்றியதன்று, நாடுகடத்தப்பட்ட ஓர் இனம் மீண்டும் தலைதூக்கும் என்ற வாக்குறுதி. உறங்குகிற மனிதர் எழுவர் என்ற தெளிவான சொல், அந்தியோக்கு மன்னன் யூதர்களைத் துன்புறுத்திய கி.மு. 2ஆம் நூற்றாண்டை ஒட்டித்தான், தானியேல் நூலின் 12ஆம் அதிகாரத்திலும், மக்கபேயர் இரண்டாம் நூலில் ஒரே நாளில் ஏழு மகன்களைப் பறிகொடுத்த தாயின் வாயிலும் கேட்கிறது. குலம் தழைத்தால் போதும் என்றிருந்த மனிதன், திருச்சட்டத்தைக் காத்ததற்காகவே கொல்லப்பட்ட இந்த ஒருவனுக்கு என்ன நியாயம் என்று கேட்கும் நிலைக்கு வளர்ந்த பிறகுதான், இறந்தவனின் பெயரும் முகமும் கடவுளிடம் வழக்காடத் தொடங்கின.

'அப்படியானால் எல்லாம் மனிதன் இட்டுக்கட்டியதா?' என்று சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். உயிரினங்களுக்குக் கண் உருவான பிறகுதான் ஒளி தென்பட்டது. அதற்காக ஒளியைக் கண்தான் உண்டாக்கியது என்று யாரும் சொல்வதில்லை.

நீங்கள் கேட்கும் வழியில் முழுமூச்சாக நடந்தவர் தெயார் தெ ஷர்தன் (1881–1955). பிரெஞ்சு நாட்டு இயேசு சபைத் துறவி. முதல் உலகப் போரில் காயம்பட்டோரைச் சுமந்தவர். சீனாவில் கிடைத்த பீக்கிங் மனிதன் என்னும் ஆதிமனிதப் புதைபடிவங்களின் ஆய்வில் பங்குகொண்ட தொல்லுயிரியலாளர். பருப்பொருளிலிருந்து உயிரும், உயிரிலிருந்து சிந்தனையும் தோன்றின, அந்தச் சிந்தனை இன்னும் குவிந்து ஓமேகா என்னும் ஒரு முனையை நோக்கிப் போகிறது, அந்த முனை உயிர்த்த கிறிஸ்துவே என்பது அவர் கண்ட காட்சி. பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு: ஆற்றுநீர் கடலில் கலப்பதுபோல ஆள் கரைந்துபோவதை அவர் ஏற்கவில்லை, உண்மையான ஒன்றிப்பு ஒவ்வொருவரையும் இன்னும் தெளிவாக அவரவராகவே ஆக்கும் என்றார். அவருடைய முக்கிய நூல்கள் அவர் வாழ்ந்தபோது வெளிவர அனுமதி கிடைக்கவில்லை. 1962இல் வத்திக்கான் அவற்றைக் குறித்து எச்சரிக்கையும் விடுத்தது. அதே வத்திக்கானிலிருந்து 2015இல் வந்த திருத்தந்தையின் சுற்றுமடலின் அடிக்குறிப்பில் அவர் பெயர் இருக்கிறது என்பதையும், என்னைத் திட்டுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். இறப்பதற்கு மூன்று நாள் முன்பு, ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று, அவர் நாட்குறிப்பில் குறித்துவைத்தது, கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் திருமுகத்தின் 15ஆம் அதிகாரத்தில், கடவுளே அனைத்திலும் அனைத்துமாவார் என்று 28ஆம் வசனத்தில் முடியும் பகுதி. உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டர் அன்றே, நியூயார்க்கில் காலமானார்.

மனிதகுலம் ஒன்றையொன்று நெருங்கி வருகிறது என்று அவர் எழுதியதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலும் வரும். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே, செத்தவர்களைச் சாதி பார்த்துப் பிரிக்கும் இடுப்பளவுச் சுவர் ஒன்று இன்னும் நிற்கிறது. இறந்தோரை எழுப்பக் கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது சுவருக்கு எந்தப் பக்கமாக எழுந்து வருவார்கள் என்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள். அவளை அதட்டி உட்காரவைத்தவன் நான்தான்.

கல்லுக்கு வருகிறேன். கடைசியில் பெயர், இரண்டு தேதிகள், '1 கொரி 15:42' என்பதோடு நிறுத்திக்கொண்டோம். அழிவுக்குரியதாய் விதைக்கப்படுவது அழியாததாய் எழும் என்று விதையை வைத்துப் பவுல் பேசும் இடம் அது. கல் வெட்டியவர் எண்ணை மாற்றி 15:24 என்று செதுக்கிவிட்டார். திருவிவிலியத்தைத் திறந்தால், பின்னர் முடிவு வரும் என்று தொடங்குகிறது அந்த வசனம்; அங்கிருந்து நான்கே வசனம் தள்ளி, தெயார் குறித்துவைத்த அதே இடம். நான் சிலிர்த்துப்போய் அம்மாவுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். கல் வெட்டியவரோ காசு வாங்காமல் வேறு கல்லில் வெட்டித் தருவதாகச் சொல்லிக்கொண்டு நின்றார்.

அம்மா முந்தானையால் கல்லின் தூசியைத் துடைத்தார். "இருக்கட்டும்ல. உங்க அப்பா எந்திரிச்சதும் மொதல்ல இந்த நம்பரத்தான் திருத்துவாரு" என்றார்.