வலது இருக்கை காலியாகும்போது

(சிறு விமானங்களில் முப்பது வருடம் பறக்கக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்ற பயிற்றுநர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்)

என் மகளுக்கு 19 வயது. விமானப் பயிற்சியில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. அடுத்த வாரம் அவளைத் தனியாகப் பறக்க அனுப்பப் போகிறார்களாம். எனக்குத் தூக்கமே வரவில்லை. பக்கத்தில் ஆள் இல்லாமல் எதை நம்பி அனுப்புகிறீர்கள்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். 1981-ல் மீனம்பாக்கத்தில் புஷ்பக் விமானத்தில் நான் முதல்முறை தனியாக ஏறி இறங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் என் அம்மாவுக்கே தெரியும். உங்கள் மகள் முன்கூட்டியே சொல்லியிருக்கிறாள், அந்த மட்டில் சந்தோஷப்படுங்கள்.

பூப்போல விமானத்தை இறக்குகிற பிள்ளைகளைக்கூட நான் அனுப்பாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். தப்பு நடக்கும்போது, நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அதைத் தானே கண்டுபிடித்துச் சரிசெய்கிறார்களா என்றுதான் பார்ப்பேன். ஒரு மாணவன் ஞாபகம் வருகிறான். செஸ்னா 152 விமானத்தில் நாலைந்து சுற்று (கிளம்பி, ரன்வேயைச் சுற்றி வந்து இறங்குவது ஒரு சுற்று) நன்றாக வந்தான். அடுத்த சுற்றில் ஃபைனலுக்கு, அதாவது ரன்வேக்கு நேராக இறங்கும் கடைசிக் கட்டத்துக்கு, திரும்பும்போது உயரம் ரொம்ப அதிகம். நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தேன். "ஹைட்டா இருக்கேன் சார், கோ அரவுண்ட் பண்றேன்" என்றான். இறங்காமல் மறுபடி மேலே ஏறிச் சுற்றி வருவதைத்தான் அப்படிச் சொல்வோம். எஞ்சின் சக்தியைக் கூட்டுகிற த்ராட்டிலை முழுக்கத் தள்ளினான், மூக்கை நிமிர்த்தினான், இறங்குவதற்காக இறக்கையின் பின்னால் தாழ்த்தி வைத்திருந்த ஃப்ளாப்பை ஒரு படி ஏற்றினான், டவருக்குச் சொன்னான். குரலில் பதற்றமே இல்லை. அடுத்து இறங்கியதும், "டாக்ஸிவேல ஓரமா நிறுத்துப்பா" என்றேன். ரன்வேயிலிருந்து விலகிப் போகிற பாதை அது.

அதற்குப் பிறகு நடப்பது ஒரு நிமிட வேலைதான். எஞ்சினை ஐடிலில், அதாவது மிகக் குறைந்த வேகத்தில், ஓடவிட்டுவிட்டுப் பயிற்றுநர் இறங்குவார். கதவைச் சாத்துவதற்கு முன், தான் உட்கார்ந்திருந்த வலது இருக்கையின் பெல்ட்டை இழுத்துப் பூட்டுவார். தொங்குகிற பெல்ட் அந்தப் பக்கத்து ஸ்டியரிங்கில் சிக்கிவிடக்கூடாது. நான் அந்தக் கொக்கியை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பேன். பிறகு ப்ரொப்பெல்லர் முன்னால் இருப்பதால் வால் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வெளியே வருவேன்.

உங்கள் மகளிடம் பயிற்றுநர் சொல்லப்போவது இதுதான். செஸ்னா 152 விமானத்தின் மொத்த எடையே அதிகபட்சம் 757 கிலோ. என்னைப் போல 75 கிலோ ஆள் இறங்கினால் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதனால் நினைத்ததைவிடச் சீக்கிரம் தரையை விட்டு எழும்பும். சுற்று வருகிற ஆயிரம் அடி உயரம் வழக்கத்தைவிட முன்னாலேயே வந்துவிடும். இறங்கும்போது தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும். அப்போது ஸ்டியரிங்கை முன்னால் தள்ளி அழுத்தக்கூடாது, பொறுமையாகப் பிடித்திருக்க வேண்டும். சரியாக வரவில்லை என்று தோன்றினால் இன்னொரு சுற்று வரலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம்.

ஒரு சுற்றுக்கு ஆறேழு நிமிடம். காற்று அடங்கியிருக்கிற காலை வேளையாகத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுப்போம். அந்த ஆறேழு நிமிடமும் பயிற்றுநர் விமானத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். நான் எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன். ஒருவர் விஷயத்தில்கூட உட்கார்ந்துகொண்டு பார்த்தது கிடையாது.

நான் 24 மணி நேரம் பறந்தாகிவிட்டது, இன்னும் சோலோ (தனியாகப் பறக்க) அனுப்பவில்லை. கூடப் படிப்பவர்கள் 15 மணியிலேயே போய்விட்டார்கள். எனக்கு இது வராதா?
– பயிற்சி மாணவர், மதுரை

தம்பி, கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்கவேண்டும். அதில் இந்த ஒன்பது மணி எங்கே போனது என்று பிற்பாடு யாரும் தேடப்போவதில்லை. நடுவில் மழையால் இடைவெளி விழுந்ததா, பயிற்றுநர் மாறினாரா, அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் விட்டுப்போனால் கை பழையபடி ஆக இரண்டு மணியாவது பிடிக்கும்.

நீங்கள் எழுதியதில் ஒன்று எனக்கு முக்கியமாகப் பட்டது. இறங்குகிற கடைசி நேரத்தில் விமானம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றே தெரியவில்லை, சில நேரம் துள்ளுகிறது என்கிறீர்கள். மூக்குக்கு நேர் கீழே தரையைப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே எல்லாம் கோடுகோடாக ஓடும், உயரம் பிடிபடாது. ரன்வே ஆரம்பத்தைத் தாண்டியதும் பார்வையை ரன்வேயின் அடுத்த முனைக்குக் கொண்டுபோங்கள். விமானம் இறங்க இறங்க இருபுறமும் தரை எழும்பி வருவது ஓரக்கண்ணில் தெரியும். அதை வைத்து ஸ்டியரிங்கை மெல்ல மெல்லப் பின்னால் இழுங்கள். நாளைக்குப் பறக்கும்போது இது ஒன்றை மட்டும் செய்து பாருங்கள். "எப்போ சார் அனுப்புவீங்க?" என்று பயிற்றுநரிடம் கேட்காதீர்கள். "நான் எதுல தடுமாறறேன் சார்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு எந்தப் பயிற்றுநரும் உட்கார்ந்து பதில் சொல்வார்.

தனியாகப் போகும்போது எஞ்சின் நின்றுவிட்டால்?
– வாசகர், ஈரோடு

எஞ்சின் நின்றால் விமானம் கல்லைப் போல விழாது. செஸ்னா 152 ஆயிரம் அடியிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் அளவுக்குச் சறுக்கிக்கொண்டே வரும். வேகம் 60 நாட், அதாவது மணிக்குச் சுமார் 110 கிலோமீட்டரில் நிற்கவேண்டும். ரன்வேக்குப் பக்கவாட்டில், இறங்கும் திசைக்கு எதிராகப் பறக்கிற டௌன்விண்ட் பகுதியில் இருக்கும்போது நின்றால் பெரும்பாலும் ரன்வேக்கே வந்துவிடலாம். பயமான இடம் கிளம்பிய உடனே, உயரம் குறைவாக இருக்கும்போதுதான். அங்கே திரும்பி வர ஆசைப்படக்கூடாது. திரும்பும்போது வேகம் செத்து இறக்கை தாங்காமல் போய்விடும். மூக்கைத் தாழ்த்தி, எதிரே இருக்கிற வயலிலோ பொட்டலிலோ இறக்கவேண்டும். சோலோவுக்கு முன்னால் எஞ்சினை ஐடிலுக்கு இழுத்துவிட்டு, "இப்போ என்ன பண்ணுவே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டிருப்போம். பதில் யோசிக்காமல் வரும்வரை யாரையும் அனுப்பமாட்டோம்.

இந்தியாவில் முதலில் தனியாகப் பறந்த பெண் யார்?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

சர்லா துக்ரால் என்றுதான் பலரும் சொல்வார்கள், ஆனால் அதில் கருத்து வேறுபாடு உண்டு. 1936-ல், 21 வயதில், ஜிப்ஸி மாத் என்ற இரட்டை இறக்கை விமானத்தில் புடவை கட்டிக்கொண்டு பறந்தார். தலைக்கு மேல் கூரையில்லாத விமானம் அது. அப்போது அவருக்கு ஒரு பெண் குழந்தையும் இருந்தது.

முதல் சோலோ முடிந்ததும் தண்ணீர் ஊற்றுகிறார்களே, ஏன்?
– வாசகர், தஞ்சாவூர்

கூடப் படிக்கிற பிள்ளைகளின் சந்தோஷம், வேறென்ன! சில நாடுகளில் சட்டையின் பின்பக்கத்தைக் கத்தரித்துச் சுவரில் மாட்டுவார்கள். நம் ஊரில் பக்கெட் தண்ணீர்தான். கரூர் அம்மா, மகளிடம் ஒரு மாற்று உடையும் துண்டும் கொடுத்தனுப்புங்கள். பறந்த நேரத்தைக் குறித்துவைக்கிற லாக்புக்கை ஆபீஸ் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். அன்றைய வரியை அவள் கையாலேயே எழுதவேண்டும், மை கலையக்கூடாது.