உளுந்து அரைபடும்போது எழுத முடியாது: கேள்வி பதில்

எங்கள் வாசகர் வட்டத்தின் சென்ற மாதக் கூட்டம் மேற்கு மாம்பலத்தில் ஓர் உறுப்பினர் வீட்டு மாடியில் நடந்தது. குடும்பத்தையும் வேலையையும் வைத்துக்கொண்டு கதை எழுதும் பழக்கத்தை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்பது பற்றிப் பேச என்னை அழைத்திருந்தார்கள். நான் பேசியதைவிடச் சீட்டில் எழுதித் தந்த கேள்விகள் அதிகமாகிவிட்டதால், பதில்களை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். 23 ஆண்டுகள் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவள், இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள், மாமியாரைக் கடைசிவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டவள், நடுவே மூன்று சிறுகதைத் தொகுப்புகளும் ஒரு நாவலும் எழுதியவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

வேளச்சேரி, மென்பொருள் நிறுவன ஊழியர்: இரவு 10 மணிக்குமேல் எனக்கு அரை மணி நேரம் கிடைக்கிறது. கோப்பைத் திறந்து, பழையதைப் படித்து, எங்கே விட்டோம் என்று பிடிப்பதற்குள் கண்ணைச் சுழற்றுகிறது. அரை மணி நேரத்தில் கதை எழுத முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் உங்களுடைய அரை மணி நேரம் எழுதுவதில் கழியவில்லை; கதைக்குள் திரும்ப நுழைவதில் கழிகிறது. இல்லறத்தில் இருப்பவர்கள் நேரமில்லை என்று சொல்லும்போது பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள் என்பது என் எண்ணம். நானும் முதல் ஐந்தாறு ஆண்டுகள் ஒரு காட்சியை அழகாக முடித்துவிட்டு, திருப்தியோடு நோட்டை மூடுவேன். நான்கு நாள் கழித்துத் திறந்தால் முன்னால் வெறும் சுவர் நிற்கும். அடுத்த காட்சி எது என்று யோசித்தே அன்றைய பொழுது போய்விடும்.

பிறகு ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று நன்றாகத் தெரிந்திருக்கும் இடத்தில், வேண்டுமென்றே பாதியில் நிறுத்திவிடுவேன். எழுந்திருக்கும் முன் ஓரத்தில் பென்சிலால் நான்கு வரி கிறுக்கி வைப்பேன். என் நாவலின் கைப்பிரதியில் ஒரு பக்கத்து ஓரத்தில் இப்படி இருக்கிறது: "பீரோவைத் திறக்கிறாள். வளையல் பெட்டி இல்லை. பதறவில்லை, எடுத்தது யாரென்று தெரியும். வெளியே மாமனார் செருப்புச் சத்தம்." மறுநாள் இதைப் படித்த கையோடு பேனா ஓடத் தொடங்கிவிடும். பழைய பக்கங்களை முதலிலிருந்து படிக்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். படித்தால் திருத்தத் தோன்றும், திருத்தினால் அரை மணி நேரம் தீர்ந்தது. கடைசிப் பக்கத்தைப் படித்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் மொத்தமாக எழுதலாம் என்று திட்டமிடுவதைவிடத் தினமும் பத்து நிமிடம் கதையைத் தொட்டுவிட்டு வருவது மேல். ஆறு நாள் தொடாமல் விட்ட கதை ஆறிப்போன இட்லி போலத்தான். தவிர, நம் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைக்கு விடுமுறை என்று பெயர்தானே ஒழிய, துணி, மாவு, வளைகாப்பு, கிரகப்பிரவேசம் எல்லாம் அன்றுதான் வந்து சேர்கின்றன.

குரோம்பேட்டை, இல்லத்தரசி: எழுத்தாளர் என்றால் அதிகாலை 4 மணிக்கு எழுந்துவிட வேண்டும் என்கிறார்களே?

எழ முடிகிறவர்கள் எழட்டும். நானும் முயன்று பார்த்து, பதினோராம் நாள் கவுண்டரில் 500 ரூபாய்க் கட்டைத் தவறாக எண்ணியதோடு நிறுத்திக்கொண்டேன். நமக்குத் தேவை கடிகாரத்தில் ஒரு மணி நேரம் என்பதைவிட, அன்றாடம் எப்படியும் நடந்தே தீரும் ஒரு வேலையோடு எழுத்தை முடிச்சுப் போட்டுவிடுவது. குழந்தையைப் பாட்டு வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் காத்திருக்கும் நேரம், தண்ணீர் லாரிக்காக நிற்கும் நேரம் என்று அவரவர்க்கு ஒன்று இருக்கும்.

எனக்கு அது கிரைண்டர். ஆனால் அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. உளுந்து அரைபடும்போது எழுத முடியாது. அவ்வப்போது தண்ணீர் தெளித்து, மாவைத் தள்ளிவிட்டு, பொங்கி வருகிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஈரக் கையோடு நோட்டைத் தொட்டால் மை கலைந்துவிடும். அரிசியைப் போட்டுவிட்டால் அது பாட்டுக்கு ஓடும், அவ்வளவு காவல் வேண்டியதில்லை. என் இரண்டாம் தொகுப்பில் பாதி, அரிசி அரைபட்ட நேரத்தில் எழுதியது. அந்தச் சத்தத்தில் வீட்டில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது என்பது கூடுதல் வசதி.

தாம்பரம், அரசு ஊழியர்: தினமும் தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்சார ரயிலில் போய்வருகிறேன். கைபேசியில் தட்டச்சு மெதுவாகத்தான் வருகிறது. பேசினால் எழுத்தாகும் வசதியைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்துங்கள். சொல்லி எழுதுவிப்பது நமக்குப் புதிதும் இல்லை. திருவல்லிக்கேணியில் வாழ்ந்த வை. மு. கோதைநாயகிக்குத் தொடக்கத்தில் சரளமாக எழுத வராது. 'இந்திரமோகனா' என்ற தம் முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். பின்னர் தாமே எழுதப் பழகிக்கொண்டு, 1925-இல் 'ஜகன்மோகினி' இதழின் பொறுப்பை ஏற்று, 100-க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதி முடித்தார்.

கைபேசியிடம் ஒரு குறை இருக்கிறது. விவரணையை ஓரளவு சரியாக எழுதிக்கொள்ளும். ஆனால் "அவுக வந்துட்டுப் போனாகளாம்" என்று பேச்சுவழக்கில் சொன்னால் திணறும், லகர ளகரத்தையும் னகர ணகரத்தையும் தன் போக்கில் மாற்றிவிடும். ஆகவே உரையாடலை வெறும் ஒலியாகப் பதிந்து வைத்து, வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தட்டச்சு வேகம் வேண்டுமானால் தமிழ்99 விசைப்பலகையைப் பழகுங்கள். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் இருக்கும். 'க' விசையை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானே விழுந்து 'க்க' ஆகிவிடும். எனக்கு இரண்டு வாரத்தில் கை படிந்தது.

உட்கார இடம் கிடைக்காத நாளில் கதையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முடிவு செய்யுங்கள்: அவன் அந்தக் கடனைத் திருப்பிக் கேட்பானா, மாட்டானா? பல்லாவரத்தில் தொடங்கினால் கிண்டிக்குள் பதில் கிடைத்துவிடும். அதுவும் அன்றைய எழுத்துக் கணக்கில் சேர்ந்ததே.

அண்ணாநகர், பள்ளி ஆசிரியை: "இதில் என்ன வருமானம்?" என்று என் கணவர் கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

உள்ளதைச் சொல்லிவிடுங்கள். ராயல்டி பெரும்பாலும் புத்தக விலையில் 10 சதவீதம். 200 ரூபாய்ப் புத்தகம் 300 பிரதி விற்றால் 6,000 ரூபாய். அதுவும் பதிப்பாளர் ஒழுங்காகக் கணக்குக் கொடுத்தால். என் முதல் தொகுப்புக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. கேட்கப் போன இடத்தில் ஒரு டிபன் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வருமானத்தைக் காட்டி எழுத்தை நியாயப்படுத்தத் தொடங்கினால், வருமானம் வராத ஆண்டில் எழுத்தை நிறுத்த வேண்டியிருக்கும்.

அவருடைய பாராட்டை எதிர்பார்க்காமல், குறிப்பான ஓர் உதவியைக் கேளுங்கள். "எனக்கு ஆதரவாக இருங்கள்" என்றால் எந்தக் கணவருக்கும் புரியாது. "இரவு 8 மணியிலிருந்து 8.20 வரை அழைப்பு மணி அடித்தால் நீங்கள் போய்ப் பாருங்கள், குழந்தை கேட்டால் நீங்கள் பதில் சொல்லுங்கள்" என்றால் புரியும். என் வீட்டுக்காரர் இன்றுவரை என் கதை ஒன்றையும் முழுதாகப் படித்ததில்லை. ஆனால் அந்த இருபது நிமிடத்தை 14 ஆண்டுகளாகக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். நான் அதில் குறை காணவில்லை.

சைதாப்பேட்டை, கணக்கர்: ஒற்றைப் படுக்கையறை வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். எங்கே உட்கார்ந்து எழுதுவது?

வெளியே போய்விடுங்கள். அசோகமித்திரன் 1966-இல் ஜெமினி ஸ்டுடியோ வேலையை விட்டபின் எழுத்தையே நம்பி வாழ்ந்தவர். தியாகராய நகர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர். உங்கள் வீட்டுக்கு அருகிலேயே கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சொந்தப் புத்தகங்களை எடுத்துச் சென்று படிப்பதற்கென்றே அங்கே தனிப் பிரிவு உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நிறைந்த அந்தக் கூடத்தில், ஒருவர் நோட்டில் குனிந்து எழுதுவதை யாரும் ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள்.

பெரம்பூர், செவிலியர்: தொடர்ந்து எழுத முடியாதவர்களுக்கு ஏற்றது சிறுகதையா, நாவலா?

சிறுகதை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். என் அனுபவம் அப்படி இல்லை. சிறுகதையின் முதல் வரைவுக்கு ஒரே மனநிலை வேண்டும். மூன்று அமர்வுக்குமேல் இழுத்தால் தொனி மாறி, தொடக்கம் ஒருவர் எழுதியது போலவும் முடிவு வேறொருவர் எழுதியது போலவும் ஆகிவிடுகிறது. நாவல் அப்படிக் கோபித்துக்கொள்ளாது. அந்த மனிதர்களோடு ஆண்டுக்கணக்கில் குடித்தனம் நடத்துவதால், பால் காய்ச்சும்போதும் பேருந்துக்கு நிற்கும்போதும் அவர்கள் கூடவே இருப்பார்கள். இரவுப் பணி மாறி மாறி வரும் உங்களைப் போன்றவர்களுக்கு, சிறு சிறு அத்தியாயங்களாகப் போகும் நாவல்தான் ஒத்துவரும் என்று நினைக்கிறேன். அதற்குமுன் ஐந்தாறு சிறுகதைகளையாவது எழுதி முடித்திருக்க வேண்டும், முடிப்பது என்பது எப்படி இருக்கும் என்று கை அறிந்துகொள்வதற்காக.

நாவலுக்கு ஒரு பக்கத்தைத் தனியே ஒதுக்கிப் பாத்திரங்களின் பெயர், வயது, உறவு, உடல் அடையாளம், வீட்டின் அமைப்பு ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். விட்டு விட்டு எழுதுகிறவர்களுக்கு இது இல்லாமல் தீராது. என் நாவலில் இடக்கால் ஊனமான ஒரு பெரியவர் ஒன்பதாம் அத்தியாயத்தில் வலக்காலை இழுத்து நடக்கிறார். விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகர், எந்த மருத்துவர் என்று விசாரித்துக் கடிதம் எழுதியிருந்தார்.

அம்பத்தூர், கல்லூரி மாணவர்: 30 நாளில் 50,000 சொல் எழுதும் நவம்பர் மாதச் சவாலில் சேரலாமா?

1999-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் தொடங்கிய பழக்கம் அது. அதை நடத்திவந்த அமைப்பு 2025-இல் மூடப்படுவதாக அறிவித்துவிட்டது; இனி அவரவரே கணக்கு வைத்துக்கொண்டு எழுத வேண்டியதுதான். நாளொன்றுக்குச் சுமார் 1,667 சொல் ஆகிறது. இந்தக் கணக்கு ஆங்கிலத்துக்குப் போட்டது. அங்கே ஐந்து சொல்லாக நிற்பது நம்மிடம் "சொல்லிக்கொண்டிருந்திருப்பாள்" என்று ஒரே சொல்லாக முடிந்துவிடுகிறது. எனவே தமிழில் அதே எண்ணிக்கை இன்னும் பெரிய சுமை. மேலும் சென்னையில் நவம்பர் என்றால் மழை, பள்ளிக்கு விடுமுறை, காயாத துணி, சில ஆண்டுகளில் தீபாவளியும் சேர்ந்துகொள்ளும். மாணவரான நீங்கள் முயன்று பாருங்கள், நட்டமில்லை. குழந்தை குட்டிக்காரர்கள் நாளுக்கு 150 சொல் என்று வைத்துக்கொண்டால் போதும். ஆண்டில் 300 நாள் எழுதினால் 45,000 ஆகிறது, அது தமிழில் ஒரு நாவல்.

மயிலாப்பூர், பெயர் வேண்டாம் என்றவர்: மாமியார் படுக்கையில் இருக்கிறார். நான்கு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. எழுத நினைத்தாலே குற்ற உணர்வு, எழுதாவிட்டாலும் குற்ற உணர்வு.

நானும் அந்த இடத்தில் இரண்டு ஆண்டுகள் இருந்திருக்கிறேன். இப்போது கதை எழுத வேண்டாம். இரவில் மருந்து கொடுத்துவிட்டு, அந்த மருந்துக் கணக்கு நோட்டின் பின்பக்கத்திலேயே, அன்று கண்ணில் பட்ட ஒன்றை இரண்டு வரியில் எழுதி வையுங்கள். அவரைப் பற்றி இருக்க வேண்டும் என்பதில்லை. நான் ஒருநாள், "எதிர்வீட்டுக் கொடியில் ஒரே ஒரு பள்ளிச் சீருடை, மூன்று நாளாக எடுக்கவில்லை" என்று மட்டும் எழுதினேன். எல்லாத் துன்பமும் எழுத்துக்கு உரம் என்று யாராவது ஆறுதல் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் இரவில் தூங்கியவர்கள். வரைவை மூடி வைக்கும்போது மட்டும், முன்பு சொன்ன அந்த நான்கு வரி ஓரக்குறிப்பை எழுதிவிட்டு மூடுங்கள். நான் 26 மாதம் கழித்துத் திறந்தபோது எனக்கு வழி காட்டியது அதுதான்.

நங்கநல்லூர், ஓய்வுபெற்றவர்: வயது 66. இனித் தொடங்கலாமா?

தொடங்குங்கள். பேரக்குழந்தைகளை மாலையில் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்கும் முன், காலை நேரம் உங்களுடையது என்பதைப் பிள்ளைகளிடம் முதல் வாரமே சொல்லிவிடுங்கள். இரண்டாம் வாரம் சொன்னால் எடுபடாது.

போரூர், குறுந்தொழில் நடத்துபவர்: நோட்டில் எழுதுவதா, கணினியிலா? எது பாதுகாப்பு?

எது கைக்கு வருகிறதோ அது. ஆனால் இரண்டு இடத்தில் இருக்கட்டும். ஒரு முறை என் கைபேசி வாளித் தண்ணீரில் விழுந்து, ஏழு அத்தியாயங்கள் போயின; திரும்ப எழுத எட்டு மாதம் ஆயிற்று. இப்போது கணினியில் இருப்பதை வாரம் ஒருமுறை எனக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்கிறேன். நோட்டு என்றால் பக்கங்களைப் படமெடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வையுங்கள். எடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்திலும் எண் போட்டுவிடுங்கள், படத்தில் அது தெரியட்டும். நான் போடாமல் விட்ட 40 படங்களை வரிசைப்படுத்த என் மகளுக்கு ஒரு பொங்கல் விடுமுறை முழுதும் ஆனது.