கலோரி எண்ணுவதை விட்டால் எடை ஏறிவிடாதா?

கேள்வி இது: ரெண்டு வருடமாக ஆப்பில் கலோரி எழுதி எழுதிச் சாப்பிடுகிறேன், அலுத்துவிட்டது, பசியைக் கேட்டுச் சாப்பிடும் ‘இன்ட்யூட்டிவ் ஈட்டிங்’ முறைக்கு மாறலாமா, இறங்கிய எடை திரும்ப ஏறிவிடாதா?

எனக்கு ஏறியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதைத் தெரிந்துகொள்ளத்தான் நிறைய பேர் உள்ளே வந்திருப்பீர்கள். 74 கிலோவில் ஆரம்பித்து, கணக்கு எழுதி 63க்கு வந்து, கணக்கை விட்டதும் மூன்றே மாதத்தில் 69 ஆகி, அப்புறம் கொஞ்சம் இறங்கி, இப்போது ரெண்டு வருடத்துக்கு மேலாக 67, 68 என்று நிற்கிறது. அந்த நாலைந்து கிலோ எனக்குச் சம்மதம். உங்களுக்குச் சம்மதமா என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

நான் கோவையில் ஒரு வங்கியில் கேஷ் கவுண்டரில் இருப்பவள். சாயங்காலம் டேலி ஆகாமல் எழுந்திருக்க முடியாத வேலை. அதனாலோ என்னவோ ஆப் எனக்கு ரொம்பவே பிடித்துப்போனது. ரெண்டாவது பிரசவத்தில் ஏறிய எடை இறங்கவே இல்லை என்று 2019ல் ஆரம்பித்தேன், ஒரு நாளைக்கு 1,400 கலோரி என்று அதுவே போட்டுக் கொடுத்தது. ஒரு தராசு வாங்கி, சோறு 120 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன் 40 கலோரி என்று எழுத ஆரம்பித்தால், மாதம் ஒன்றரை, ரெண்டு கிலோ இறங்குகிறது. அந்த நேரத்தில் யாராவது கணக்கெல்லாம் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இப்போதும் அதைப் பழிக்க மனசு வரவில்லை. தாளிக்கும்போது எவ்வளவு எண்ணெய் போகிறது, டீக்கடையில் நின்றபடி தின்கிற ரெண்டு பஜ்ஜி எவ்வளவு என்பதெல்லாம் எனக்கு அதில்தான் உறைத்தது.

பிரச்சினை என்னவென்றால் வீட்டுச் சாப்பாடு ஆப்புக்குள் அடங்காது. ஒரே இட்லிக்கு அதில் 39, 58, 80 என்று மூன்று பதிவு இருந்தது, நான் நடுவில் இருந்த 58ஐப் பிடித்துக்கொண்டேன். மாமியார் செய்யும் அரிசிம்பருப்பு சாதத்துக்குப் பதிவே கிடையாது. அவர் தாளிக்கும்போது கையில் டீஸ்பூனோடு பக்கத்தில் போய் நிற்பேன், அவரோ தூக்குப்போசியைச் சாய்த்து ஊற்றுகிறவர். ஒரு நாள் கேட்டேவிட்டார், “ஏங் கண்ணு, அந்தப் போனு பசிக்குதுன்னு சொன்னாத்தான் நீ சோறு திம்பியா?” என்று. எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. ராத்திரி 200 கலோரி மிச்சம் இருந்தால் பசிக்காவிட்டாலும் எதையாவது தேடித் தின்பேன், மிச்சம் இல்லையென்றால் வயிறு இரைந்தாலும் வெந்நீரைக் குடித்துவிட்டுப் படுப்பேன்.

அந்த எண்களும் அப்படியொன்றும் கறாரானவை இல்லை என்று பிறகுதான் படித்தேன். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்பது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் ஆட்வாட்டர் என்கிற வேதியியல்காரர் பரிசோதனை செய்து போட்ட சராசரியிலிருந்து வந்தது. 2012ல் அந்நாட்டு வேளாண்மைத் துறை ஆய்வாளர்கள் ஆட்களுக்குப் பாதாம் கொடுத்துச் சோதித்தபோது, வழக்கமான கணக்கில் 170 வரை வரும் 28 கிராம் பாதாமிலிருந்து உடம்பு எடுத்துக்கொண்டது 129 கலோரிதான் என்று வந்தது. நான் தினமும் ஆறு பாதாமை எண்ணி டப்பாவில் போட்டுக்கொண்டு போனவள், ஏழாவதைத் திரும்ப டப்பாவில் போட்டவள்.

விட வைத்தது அதுகூட இல்லை. பொள்ளாச்சியில் சித்தி பெண் கல்யாணம். பந்தியில் இலையைப் போட்டோ எடுத்துவிட்டு, ரெண்டு கரண்டி சோறும் ரசமும் சாப்பிட்டு, ஜாங்கிரியை ஓரமாக ஒதுக்கிவிட்டு எழுந்தேன். எல்லாரும் என் கட்டுப்பாட்டைப் புகழ்ந்தார்கள், எனக்கும் பெருமைதான். அன்று ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, சமையலறையில் லைட்டைக்கூடப் போடாமல் நின்றுகொண்டு, தாம்பூலப் பைகளில் இருந்த லட்டு மொத்தத்தையும் தின்றேன். நாலு பை, நாலு லட்டு. ருசியே தெரியவில்லை. பாலிதீன் உறையைச் சத்தம் வராமல் கசக்கிக் குப்பையில் அடியில் தள்ளினேன் பாருங்கள், அதுதான் என்னைப் பயமுறுத்தியது. யாரிடமிருந்து ஒளிக்கிறேன்?

அதற்கு முன்பே அறிகுறி இருந்தது. படுக்கப் போனால் ஒரு மணி நேரம் சமையல் வீடியோ பார்ப்பேன், செய்யப்போவதும் இல்லை தின்னப்போவதும் இல்லை. ரெண்டாம் உலகப் போர் முடியும் சமயத்தில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ச்சி செய்தார், அவர்களில் சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்து ராத்திரியெல்லாம் படித்தார்களாம். அவர்களுக்குக் கொடுத்தது நாளைக்குச் சுமார் 1,570 கலோரி. அவர்கள் ஆண்கள், நிறைய நடக்கவும் வைத்தார்கள், அதனால் நேராக ஒப்பிடக் கூடாது. ஆனாலும் என் 1,400ஐ நினைத்துக்கொண்டேன்.

சரி, மாறிய கதை. இந்த ‘இன்ட்யூட்டிவ் ஈட்டிங்’ முறை ஈவ்லின் டிரிபோலி, எலிஸ் ரெஷ் என்ற ரெண்டு அமெரிக்க டயட்டீஷியன்கள் 1995ல் புத்தகமாக எழுதியது, பத்துக் கொள்கை உண்டு. கண்டதையும் தின்னலாம் என்று அர்த்தமில்லை. பசித்தால் சாப்பிடு, நிறைந்தால் நிறுத்து, எந்தச் சாப்பாட்டையும் எதிரியாக்காதே என்பதுதான் சாரம், சத்தான சாப்பாடு பற்றிய பேச்சு வேண்டுமென்றே பத்தாவதாக வருகிறது. எடை குறைப்பை ஒதுக்கிவைக்கச் சொல்கிறார்கள். இதைச் செய்தால் பத்து கிலோ குறையும் என்று யாராவது கோர்ஸ் விற்றால் பணம் கட்டாதீர்கள்.

கேட்க எளிதாக இருக்கும். எனக்கு முதல் மாதம் பசி என்றால் என்னவென்றே பிடிபடவில்லை. அப்புறம்தான் கண்டுபிடித்தேன், பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரே நோட்டுக் கட்டை மறுபடி எண்ண வேண்டி வந்தால், கஸ்டமர் மேல் எரிச்சல் வந்தால், அதுதான் என் பசி. வயிறு சத்தம் போடுவது அதற்கும் ரொம்பப் பிறகு. ஓட்ஸ் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்பதும் அப்போதுதான் தெரிந்தது, ஒன்றரை வருடம் தின்றிருக்கிறேன்.

இனிப்பு விஷயத்தில் கொஞ்சம் தைரியம் வேண்டும். கால் கிலோ மைசூர்பாகு வாங்கி வீட்டில் வைத்தேன், முதல் நாளே ஆறு துண்டு போனது. தீர்ந்ததும் மறுபடி வாங்கினேன், வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். அந்த மாதங்களில்தான் எடை ஏறியது, ஆப்பைத் திரும்பப் போடலாமா என்று நாலைந்து தடவை கை போனது. நாலாவதோ ஐந்தாவதோ தடவை வாங்கியது டப்பாவிலேயே கிடந்து காறல் வாடை அடித்துத் தூக்கிப்போட்டோம். என் வாழ்க்கையில் மைசூர்பாகு வீணானது அதுதான் முதல் தடவை.

இதைவிடக் கஷ்டம் ‘போதும்’ என்று சொல்வது. நம் வீடுகளில் முதல் போதுமுக்கு மதிப்பே கிடையாது, மரியாதைக்குச் சொல்கிறாள் என்று இன்னொரு தோசை வந்து விழும், தட்டில் மிச்சம் வைத்தாலும் குற்றம். நான் செய்வது இதுதான்: முதலில் பாதிதான் போட்டுக்கொள்வேன், பிறகு நானே மாமியாரிடம் கேட்டு ஒரு கரண்டி வாங்குவேன். போட்ட திருப்தி அவருக்கு, அளவோடு நிறுத்திய திருப்தி எனக்கு.

எல்லாருக்கும் இது சரிப்படாது. என் அப்பா சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர், அவருக்கு மாவுச்சத்தின் அளவு தெரிந்தே ஆக வேண்டும், அவரிடம் போய் பசியைக் கேளுங்கப்பா என்று சொல்ல மாட்டேன். தின்றுவிட்டு வாந்தி எடுப்பது, நாள்கணக்கில் பட்டினி கிடப்பது என்று போயிருந்தால் என்னைப் போன்றவர்கள் பதிலைப் படிக்காமல் டாக்டரைப் பாருங்கள். வேலை நேரமும் பசிக்கு வளைந்து கொடுக்காது. எனக்கு லஞ்ச் ஒன்றரைக்கு என்றால் ஒன்றரைக்குத்தான், அப்போது அரைப் பசி இருந்தாலும் சாப்பிட்டுவிடுவேன், இல்லாவிட்டால் நாலு மணிக்குப் பஜ்ஜிக் கடையில் நிற்பேன்.

தராசை இப்போது பையன் ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு எடுத்துப்போய்விட்டான். ஆனால் எல்லாம் போய்விட்டது என்று சொன்னால் பொய். இன்று காலையும் தட்டில் நாலு இட்லி விழுந்தபோது மண்டைக்குள் 232 என்று ஓடத்தான் செய்தது, சட்னியைக் கூட்டுவதற்குள் மாமியார் அஞ்சாவதை வைத்துவிட்டார்.